பத்தாயிரம் ரூபாய் மைக்கும் பக்கத்துத் தெருப் பாடகனும்

"தம்பி, பாடுறதெல்லாம் இருக்கட்டும். என்ன மைக் வெச்சிருக்க?"

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர்ப் பக்கம் மெல்லிசைக் குழுவில் பாட வாய்ப்புக் கேட்டுப் போகிற பையன்களும் பெண்களும் எதிர்கொள்கிற கேள்வி இது. ஷூர் எஸ்எம்58 என்று பதில் வந்தால் ஒரு நாற்காலி கிடைக்கும். பெஹ்ரிங்கர் என்றால் 'ம்ம்...'. அஹுஜா என்றால் ஒரு சிரிப்பு. பெயரே இல்லாத மைக் என்றால், "சரி தம்பி, சொல்லி அனுப்பறோம்." பையன் இன்னும் வாயையே திறக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறதா? துளியும் இல்லை. ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழா, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, சர்ச் ஆராதனை என்று இந்தப் பக்கத்து மேடைகளில், இந்தப் பக்கத்து ஸ்பீக்கர்களில் பாடுவதற்கு, ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டாயிரம் ரூபாய் கம்பி மைக் போதும். பத்தாயிரம் ரூபாய் மைக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கீழே உட்கார்ந்து கேட்பவர் கண்டுபிடிக்க முடியாது. முடியும் என்று சொல்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிரூபிக்கட்டும். அதுவரை அடுத்தவன் வீட்டுப் பையனைக் கடன் வாங்கி மைக் வாங்கச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது.

விலையை முதலில் பார்க்கலாம். எஸ்எம்58 இன்று பத்தாயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. அமெரிக்காவில் நூறு டாலரைச் சுற்றி. பெஹ்ரிங்கரின் எக்ஸ்எம்8500 அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. அஹுஜாவில் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்தே பாட்டுக்கான மைக் கிடைக்கும். இதற்கெல்லாம் மேலே நியூமன் யூ87 மாதிரி ஸ்டூடியோ மைக்குகள் மூவாயிரம் டாலரைத் தாண்டிப் போகும். அது வேறு உலகம். கோயில் வாசலில் யாரும் யூ87-ஐக் கட்டித் தொங்கவிடப் போவதில்லை.

சரி, பத்தாயிரத்துக்கு உள்ளே என்னதான் இருக்கிறது? தங்கமா? ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதில் ஒட்டிய தலைமுடி மாதிரிக் கம்பிச்சுருள். சுற்றிலும் ஒரு காந்தம். குரல் சவ்வை ஆட்டும், சுருள் காந்தப்புலத்துக்குள் ஆடும், மின்சாரம் பிறக்கும். சின்ன ஸ்பீக்கரைத் தலைகீழாக வேலை வாங்குவது, அவ்வளவுதான். இரண்டாயிரம் ரூபாய் மைக்குக்குள்ளும் இதேதான். கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. பின்பக்கத்துச் சின்ன ஓட்டைகள் வழியாகவும் சத்தம் உள்ளே போய், சவ்வின் பின்புறத்தைத் தகுந்த நேரத்தில் தொட வேண்டும். அப்போதுதான் பின்னாலிருந்து வரும் சத்தம் தன்னைத் தானே அடித்துக்கொண்டு செத்துப் போகும், முன்னால் நிற்பவரின் குரல் மட்டும் நிற்கும். மேடையில் மைக் ஊளையிடாமல் இருப்பதற்கு இந்த வித்தைதான் காரணம்.

இந்த வித்தை நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. ஒரே ஒரு சவ்வை வைத்து இதைச் சாதித்த ஷூரின் யூனிடைன் 1939-ல் வந்தது. எஸ்எம்58-க்குள் இருக்கும் யூனிடைன் 3 1959-ல். எஸ்எம்58 என்ற மைக் 1966-ல். அதில் 'எஸ்எம்' என்பது ஸ்டூடியோ மைக்ரோஃபோன் என்பதன் சுருக்கம் என்பது ஒரு வேடிக்கை. ஸ்டூடியோவுக்கென்று பெயர் வைத்த பொருள் மேடைக்குப் போய் ராஜாவாகிவிட்டது. எப்படியானாலும் அது அறுபது வருடப் பழைய சரக்கு. அந்தக் காலத்துக் காப்புரிமை எதுவும் இன்று உயிரோடு இல்லை. எப்படிச் செய்வது என்பது உலகத்துக்கே தெரியும். அச்சும் காந்தமும் சவ்வும் சீனத்துத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளப்படுகின்றன. அறுபது வருடத்தில் கால்குலேட்டர் விலை குறைந்தது, கைக்கடிகாரம் விலை குறைந்தது. நல்ல மைக் மட்டும் விலை குறைந்தால் அது நல்ல மைக் இல்லையாம். என்ன நியாயம் இது?

வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுவது இந்த நாட்டு மேடைகளுக்குப் புதிதும் அல்ல. சுதந்திரப் போராட்ட காலத்துப் புகைப்படங்களில் காந்தி, நேரு முன்னால் நிற்கும் மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். அமெரிக்க மைக் என்று நினைத்தவர்கள் ஏராளம். நடத்தியது பம்பாயில் இருந்த மோட்வானே குடும்பத்தார், சுத்தமான இந்தியக் கம்பெனி. பெயர் மட்டும்தான் சிகாகோ. (நிஜமாகவே சிகாகோவில் 1925-ல் தொடங்கிய கம்பெனி ஷூர்தான். அதன் எஸ்எம்58 பல ஆண்டுகளாக மெக்சிகோவில் செய்யப்பட்டு வருவது என்பதையும் பக்தகோடிகள் பெட்டியைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.) டில்லியில் 1940 முதல் இருக்கும் அஹுஜாவைப் பார்த்துச் சிரிக்கிற அதே ஆட்கள்தான் ஊர் ஊராக அஹுஜா ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கச்சேரி நடத்துகிறார்கள். ஆம்ப்ளி ஆகலாம், மைக் ஆகாதோ?

"கேட்டாலே தெரியும் சார், குவாலிட்டி தனி!"

இதுதான் பக்தர்களின் ஒரே ஆயுதம். கேட்டாலே தெரியுமா? எப்படிக் கேட்டார்கள்? ஒரு கையில் விலை உயர்ந்த மைக், இன்னொரு கையில் மலிவு மைக், இரண்டின் பெயரும் கண்ணுக்கு நேராக. இதில் காதுக்கு என்ன வேலை? மைக்குக்கு மைக் சத்தம் எடுக்கும் திறன் வேறுபடும். ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாகக் கேட்டாலே காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளாது, 'தரம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும். மிக்சரில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் செய்கிற ஒப்பீடு எல்லாம் டுபாக்கூர். யூடியூபில் மைக்கை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு வரி பேசி, கீழே வாங்குவதற்கான சுட்டியையும் கொடுக்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வயலின் உலகத்தில் நடந்த கதை இதற்கு நல்ல பாடம். முந்நூறு வருடப் பழைய ஸ்ட்ராடிவாரி வயலின்கள் பல கோடி ரூபாய் பெறும். அந்த நாதம் இன்றைய வயலினில் வராது என்பது வேதவாக்கு. கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் வயலின் செய்யும் ஜோசப் கர்டினும் மற்றவர்களும் சேர்ந்து 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு சோதனை நடத்தினார்கள். 21 வயலின் கலைஞர்கள், ஆறு வயலின்கள். மூன்று பழசு, மூன்று புதுசு. வாசித்தவர்களுக்கு எதுவும் தெரியாதபடி இருட்டான கண்ணாடி மாட்டிவிட்டார்கள். 2012-ல் முடிவு வெளியானது. மிகக் குறைவாக விரும்பப்பட்ட வயலின் ஒரு ஸ்ட்ராடிவாரி! பெரும்பாலானவர்களால் எது பழசு, எது புதுசு என்றே சொல்ல முடியவில்லை. வாழ்நாள் முழுக்க வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து வாழ்ந்தவர்களின் காது அது. ஊரப்பாக்கத்து 'கேட்டாலே தெரியும்' ஆசாமிகளின் காது அதைவிடக் கூர்மை என்றால் சந்தோஷம். நிரூபிக்கட்டும்.

நிரூபிப்பது கஷ்டமும் இல்லை. ஒரு பாடகர், ஒரே பல்லவி, ஒரே மிக்சர், ஒரே கேபிள். மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரே தூரம். சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்திவிட வேண்டும். மேடைக்குத் திரை போட்டுவிட வேண்டும். எந்த மைக் என்பதை ஒவ்வொரு தடவையும் காசு சுண்டி முடிவு செய்ய வேண்டும். பத்துத் தடவை. பி.காம் முதல் வருடப் புள்ளியியலில் வரும் பைனாமியல் கணக்குப்படி, குருட்டாம்போக்கில் சொல்கிறவர் பத்தில் எட்டோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லிவிட 1024-ல் 56 வாய்ப்பு. கிட்டத்தட்ட ஐந்தரை சதவீதம். ஒன்பதோ பத்தோ சொல்லிவிட 1024-ல் 11 மட்டுமே. ஆக, பத்துக்கு ஒன்பது சொன்னவரை நம்பலாம், ஆறு சொன்னவரிடம் காசைக் காட்டிச் சிரிக்கலாம் :-)

அமைதியான அறையில், நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் பலருக்கு ஒன்பது வரக்கூடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மைக்குகள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. ஆனால் 'வேறு' என்பதற்கும் 'மேல்' என்பதற்கும் இடையில் ஒரு ஆறு ஓடுகிறது. எஸ்எம்58-ம் உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடி இல்லை. அடித்தொனியைக் கொஞ்சம் வெட்டி, நாலாயிரம் முதல் ஆறாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். வார்த்தை தெளிவாக வெளியே வர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஒப்பனை. கட்டைக் குரலுக்கு அது வரம். ஏற்கெனவே கூர்மையான உச்சக்குரல் உள்ள ஒரு பெண்ணுக்கு அதுவே காதைக் கிழிக்கலாம். அவருக்கு அதைவிட மழுங்கலான மலிவு மைக்கே பாந்தமாக அமையலாம். எந்தக் குரலுக்கு என்பதைக் கேட்காமல் எது உசத்தி என்று கேட்பது, காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

எதிர்த்தரப்பும் ஜல்லியடிக்கக் கூடாது. 'எக்ஸ்எம்8500-ன் அட்டையில் 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது, எஸ்எம்58-லும் அதேதான், ஆக இரண்டும் ஒன்று' என்று சிலர் கிளம்புவார்கள். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் கோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அட்டை சொல்வதில்லை. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடுவதால் எல்லா வண்டியும் ஒன்றாகிவிடுமா?

இனி மேடைக்கு வரலாம். அமைதியான அறையில் தெரிந்த அந்தச் சின்ன வித்தியாசம் மேடையில் என்ன ஆகிறது?

கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஐந்தாறாயிரத்துக்கு மேலேயும் பெரிதாக எதையும் தராது. மைக் 15,000 வரை பிடித்துக் கொடுத்தால் என்ன, 12,000-த்தில் நின்றால் என்ன? எல்லாம் அந்தக் குழாயின் கழுத்தில் நெரிபட்டுத்தான் வெளியே வரும். பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்த கச்சேரி என்றால் கொஞ்சம் தேவலை. ஆனால் அங்கே எக்கோவை முக்கால்வாசி திருகிவிட்டு, பேஸை முழுசாகத் திருகிவிட்டு, பேட் டிரம்ஸை அதற்கு மேல் ஏற்றிவிடுவார்கள். இந்த மூன்றுக்கும் அடியில் எந்த மைக் என்று யாராவது கேட்டுச் சொன்னால் அவர் காதுக்குக் கோயில் கட்டலாம்.

பாடுகிறவர் மைக்கைப் பிடிக்கிற விதம் இன்னும் பெரிய சமாச்சாரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் போய்விடும். வாயிலிருந்து இரண்டு அங்குலத்தில் பாடத் தொடங்கி, உற்சாகத்தில் கையை ஆட்டி எட்டு அங்குலத்துக்குப் போனால் பன்னிரண்டு டெசிபல் காலி. கிட்டே வந்தால் அடித்தொனி உப்பும், தள்ளிப் போனால் குரல் ஒல்லியாகும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு முன்னால் இரண்டு மைக்குகளுக்கு இடையிலான வித்தியாசம் எந்த மூலைக்கு? போதாததற்கு, இப்போது கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் மைக்கின் தலையையே உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். ஸ்டைலாம். பின்பக்கத்து ஓட்டைகள் பற்றி மேலே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அவற்றை அடைத்த நிமிடமே மைக் நாலாபக்கத்துச் சத்தத்தையும் வாரி விழுங்கத் தொடங்கும். அடுத்த நொடி ஸ்பீக்கர் 'கீஈஈங்' என்று ஊளையிடும். பத்தாயிரம் ரூபாய் மைக்கும் ஊளையிடும், ஆயிரம் ரூபாய் மைக்கும் ஊளையிடும். ஆனால் திட்டு வாங்குவது எந்த மைக் என்று சொல்லத் தேவையில்லை.

மைக் என்ற ஒன்றே இல்லாமல் பாடியவர்களும் இந்த மண்ணில் உண்டு. 1933-ல் இளம் வயதிலேயே இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பா நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடியது வெறும் தொண்டையால். கே.பி. சுந்தராம்பாளும் அந்தப் பள்ளிதான். அந்தக் குரல்கள் இன்று ஊரப்பாக்கத்துக் குழு ஒன்றில் வாய்ப்புக் கேட்டுப் போனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மலிவு மைக் மீது சொல்லப்படும் புகார்களில் பாதி மைக்கின் குற்றமே அல்ல. 'உம்ம்ம்' என்று இரைகிறதா? பெட்டியிலேயே கொடுத்த ஒல்லிக் கேபிளைப் பாருங்கள். ஒரு முனையில் மூன்று பின், மறுமுனையில் பழைய கித்தார் ஜாக். அந்த வழியில் வரும்போது இரைச்சலைத் தள்ளிவிடும் பாதுகாப்பு போய்விடுகிறது, சீரியல் லைட், ஜெனரேட்டர், டியூப் லைட் சோக் எல்லாம் கேபிளுக்குள் புகுந்துகொள்ளும். இரு பக்கமும் மூன்று பின் உள்ள நல்ல கேபிளைப் போட்டால் அதே மைக் வாயை மூடிக்கொள்ளும். 'டப் டப்' என்று வெட்டுகிறதா? பெரும்பாலும் அது ஆன்-ஆஃப் சுவிட்ச். மலிவு மைக்கில் முதலில் சாவது அதுதான். சுவிட்ச் இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது. ஷூரே எஸ்எம்58-ஐச் சுவிட்ச் உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதமாகத்தான் விற்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. உழைப்பு. எஸ்எம்58 கீழே விழுந்தாலும், மழையில் நனைந்தாலும் பாடும் என்று பெயர் வாங்கியது. வலை நசுங்கினால் வேறு வலை மாட்டலாம், உள்ளே இருக்கும் பாகம் போனால் அதையும் மாற்றலாம். உள்ளே கேப்ஸ்யூலைத் தாங்கும் அதிர்வுத் தடுப்பும் நல்ல வேலைப்பாடு, கையில் உருட்டும் சத்தம் அவ்வளவாக ஏறாது. பத்து மைக் வாங்கினால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். மலிவு மைக்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. இதையெல்லாம் மறுப்பது அசட்டுத்தனம்.

ஆனால் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் வருடத்துக்கு நூறு இரவு வேலை செய்கிறார் என்று கொள்ளலாம். பத்தாயிரம் ரூபாய் மைக் பத்து வருடம் உழைத்தால் ஆயிரம் இரவு. ஓர் இரவுக்குப் பத்து ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் மைக் அவர் கையில் படும் பாட்டில் இரண்டே வருடம் தாங்கினால் இருநூறு இரவு. அதுவும் பத்து ரூபாய்தான்! செலவு சமம் என்கிறபோது, முகூர்த்த நேரத்தில் மைக் காலை வாரினால் போகும் மானத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவர் விலை உயர்ந்ததை வாங்குவதே புத்திசாலித்தனம். தாராளமாக வாங்கட்டும்.

பாடகனின் கணக்கு வேறு. வருடத்துக்குப் பதினைந்து மேடை. பத்தாயிரத்தை அதே பத்து வருடத்துக்குப் பிரித்தாலும் மேடைக்கு 67 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் மைக் பத்திரமாக ஐந்து வருடம் இருந்தால் மேடைக்கு 27 ரூபாய்கூட இல்லை. இது கையில் காசு இருப்பவனுக்கு. இல்லாதவன் மூணு வட்டிக்கு வாங்கினால்? பத்தாயிரத்துக்கு மாதம் முந்நூறு, வருடத்துக்கு 3,600 ரூபாய் வட்டி மட்டும். ஒரு வருட வட்டியில் ஒரு மலிவு மைக்கும், நல்ல கேபிளும் வாங்கிவிடலாம், அசல் அப்படியே நிற்கிறது. இந்தக் கடனை வாங்கச் சொன்ன 'அண்ணன்' வட்டி கட்டப் போவதில்லை. வாங்கின பையனுக்கு அடுத்த சீசனில் கூப்பிட்டுப் பாட்டுக் கொடுப்பார் என்ற உத்தரவாதமும் இல்லை. கோளாறு இங்கேதான். மைக்கைக் கேட்பது சத்தத்துக்காக அல்ல, ஆளை வடிகட்டுவதற்காக. மைக் வாங்க முடிந்தவன் உள்ளே, முடியாதவன் வெளியே. குரலைச் சோதிக்கிற சிரமம் இல்லாமல் வேலை முடிகிறது பாருங்கள்.

இந்த வடிகட்டல் இன்னொரு கூத்துக்கும் வழி செய்திருக்கிறது. போலி. எஸ்எம்58 உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் ஒன்று. 'பாதி விலைக்குத் தர்றேன்' என்று பெட்டி, பை, ஸ்டிக்கர் சகிதம் வந்து நிற்கும். வாங்குகிறவனுக்குத் தெரியாததை விற்கிறவன் தெரிந்து வைத்திருக்கும் சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து எழுதினார், 2001-ல் நோபல் பரிசில் பங்கும் வாங்கினார். மைக் சந்தைக்கு அதை அப்படியே பொருத்தலாம். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை என்ன சொல்கின்றன தெரியுமா? எடையைப் பார், எழுத்தின் அச்சைப் பார், பின் பக்கத்து எண்களைப் பார், தலையைத் திருகி உள்ளே பார். பார், பார், பார். கேட்டாலே தெரியும் என்றால் ஏன் இவ்வளவு பார்வை? அந்தப் பெயர்பலகைக்குப் பயந்து போலியில் காசைக் கொட்டுவதற்குப் பதில், அதே காசில் தன் சொந்தப் பெயரிலேயே வரும் நேர்மையான மலிவு மைக் எவ்வளவோ மேல்.

மலிவில் எல்லாம் சமம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கார்ட்லெஸ் மைக்கில் மலிவு நிஜமாகவே மட்டம். அங்கே வாங்குவது மைக்கை மட்டும் அல்ல, ஒரு சின்ன ரேடியோ நிலையத்தையும் சேர்த்து. மூவாயிரத்துக்கு இரண்டு மைக் கொடுக்கும் செட்டில் பாட்டின் நடுவே சத்தம் அறுந்து போவதும், பேட்டரி இறங்கினால் குரல் கரகரப்பதும் சகஜம். காசு இல்லாவிட்டால் கம்பியோடு இருப்பதே மரியாதை.

வீட்டில் பாடிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. பிஎம்-800 போன்ற பெயர்களில் பெரிய உருளையாக, ஸ்டூடியோ மைக் தோற்றத்தில் ஒன்று விற்கும். திறந்து பார்த்தால் பல சமயம் உள்ளே நகத்தளவு எலக்ட்ரெட் கேப்ஸ்யூல்தான் இருக்கும், மீதி எல்லாம் காலி டப்பா. அப்படியே நல்ல கண்டென்சர் மைக் வாங்கினாலும் ஊரப்பாக்கத்து வீட்டில் அது எதைப் பதிவு செய்யும்? ஒரு பக்கம் ஜிஎஸ்டி ரோடு. இன்னொரு பக்கம் செங்கல்பட்டு மின்சார ரயில். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகளின் ஹாரன் வேறு. கண்டென்சர் என்பது நுணுக்கமாகக் கேட்கிற காது. பல்லவியோடு திருச்சி வண்டியையும், மாடியில் ஓடுகிற மோட்டாரையும் சேர்த்தே பிடித்துக் கொடுக்கும். அந்த அறைக்குச் செவிட்டுத்தனமான சாதாரண டைனமிக் மைக்தான் தோழன். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) பாடியதே ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்தான். ஸ்டூடியோவில் அதைவிடப் பல மடங்கு விலை உள்ள மைக்குகள் வரிசையாக நின்றிருக்கும். (எஸ்எம்7-ம் மலிவு மைக் அல்ல, அதன் இன்றைய வாரிசு நானூறு டாலர் அளவில். அந்த ஸ்டூடியோவும் சாமானியம் அல்ல. இருந்தாலும் 'விலை கூடினால் பாட்டு கூடும்' என்கிறவர்கள் பதில் சொல்லட்டும்.)

கடற்கரைப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலை ஒட்டிய திறந்த மேடைகளில் மைக்கின் முதல் எதிரி காற்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கடல் காற்று நேராக அடித்தால் 'புர்ர்ர்' என்றுதான் கேட்கும். அதற்கு மருந்து சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பாஞ்சுத் தொப்பி. இரண்டாவது எதிரி உப்பு. துடைக்காமல் பெட்டியில் போட்டால் வலையும் பின்னும் துருப்பிடித்துப் பச்சை பூத்துவிடும். உப்புக்கு விலை வித்தியாசம் தெரியாது. அந்தப் பக்கத்தில் மைக்கை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றுகிற மைக் இரண்டாயிரமாக இருப்பதே வசதி.

கடைசியாகக் கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி, பள்ளி நிர்வாகப் பெரியவர்கள். ஒலி அமைப்புக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வசூல் ஆனதும் முதலில் பேசுவது 'நாலு ஷூர் மைக் வாங்கிடலாம்' என்றுதான். மைக்கிலேயே நாற்பதாயிரம் போய்விடும். மீதிப் பத்தாயிரத்தில் பழைய ஆம்ப்ளி, கிழிந்த கோன், இன்சுலேஷன் டேப் சுற்றிய கேபிள். மிக்சரில் உட்காருவது யார் என்றால், அந்த நேரத்தில் சும்மா நிற்கிற யாரோ ஒரு பையன். இதே ஐம்பதாயிரத்தை மாற்றிப் போடலாம். ஸ்பீக்கருக்குப் பாதி. இரு பக்கமும் மூன்று பின் உள்ள கேபிள்கள், ஆடாத ஸ்டாண்டுகள், சின்ன மிக்சர் ஒன்று. எங்கே ஊளை வருகிறது, எந்தத் திருகைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவருக்கு விழா நாட்களில் கூலி. அதற்குப் பிறகு மைக். இரண்டாயிரம் வீதம் நாலு கம்பி மைக் எட்டாயிரம் ரூபாய். கூட ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் இன்னும் இரண்டாயிரம், ஒன்று மக்கர் செய்தால் அடுத்த பாட்டுக்குள் மாற்றிவிடலாம்.